பேக் அப் என்றால் பேக்அப் மட்டும்தானா?

கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஆங்கில வார்த்தைகளில் ஒன்று பேக் அப். "போட்டோவை எல்லாம் பேக்கப் எடுத்தாச்சா?", "விண்டோஸ் மாத்தறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துக்கோ", "பேக்கப் இல்லையா? அப்போ ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்று சர்வீஸ் கடைக்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பையன் வரை எல்லோரும் சொல்கிறார்கள். இவ்வளவு பழகிய வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல ஒரு கட்டுரையா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2019 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வரை.

பொறியியல் படிப்பை முடித்து, சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் சேர்ந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குக் கொடுத்திருந்த வேலை, இரவு ஷிஃப்டில் அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரின் சர்வரைக் கவனித்துக்கொள்வது. அவர்கள் ஒஹாயோ மாநிலத்தில் தோட்டச் சாமான்களை இணையத்தில் விற்பவர்கள். வெப்சைட்டில் வரும் ஆர்டர்கள் முதலில் ஒரு க்யூவில், அதாவது வரிசையில், வந்து நிற்கும். கிடங்கில் இருக்கும் புரோகிராம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லும். அந்த வாரம் புதிய வெர்ஷனைச் சோதித்துப் பார்ப்பதற்காகப் போட்ட போலி ஆர்டர்கள் நிறைய அந்த வரிசையில் கிடந்தன. "அவங்க ஒரு காப்பி எடுத்துட்டுச் சொல்லுவாங்க. சொன்னதும் நீ க்யூவைக் காலி பண்ணிடு" என்று டீம் லீட் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இரவு 2.40 மணிக்கு சாட் ஜன்னலில் ஒரு செய்தி வந்தது. "தி ஆர்டர் க்யூ இஸ் பேக்ட் அப். கேன் யூ கிளியர் இட்?"

நான் இதற்காகத்தானே காத்துக்கொண்டிருந்தேன்! க்யூவை பேக்கப் எடுத்தாயிற்று, காலி செய் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, கட்டளையைக் கொடுத்து வரிசையை மொத்தமாகத் துடைத்துவிட்டேன். "டன்" என்று பதிலும் போட்டேன். அந்தப் பக்கமிருந்து "கிரேட், வாட் வாஸ் பிளாக்கிங் இட்?" என்று கேள்வி வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எது அடைத்துக்கொண்டிருந்தது என்று கேட்கிறாரே, எதற்கு அடைக்க வேண்டும்?

அவர் சொன்னதன் பொருள் இது: ஆர்டர் வரிசை நகராமல் தேங்கி நிற்கிறது, அதைச் சரிசெய்ய முடியுமா? போலி ஆர்டர்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முகவரியில் ஏதோ விநோதமான எழுத்து இருந்த ஒரே ஒரு ஆர்டர் முன்னால் சிக்கிக்கொண்டு, அன்று பிற்பகல் வந்த உண்மையான ஆர்டர்கள் 214 அதன் பின்னால் நின்றிருக்கின்றன. அத்தனையும் போய்விட்டன. பேக்கப்? இல்லை. யாரும் எடுக்கவில்லை, எடுத்ததாக யாரும் சொல்லவும் இல்லை.

வீட்டிலிருந்து போனில் வந்த டீம் லீட், "அவர் சொன்னது டிராஃபிக் ஜாம்டா. நீ ரோட்டுல நின்ன வண்டிங்களையே இல்லாம பண்ணிட்டியே" என்றார். திட்டியது அவ்வளவுதான். பிறகு அவரும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். வாங்கியவர்களுக்கு வெப்சைட் தானாக அனுப்பியிருந்த உறுதி மெயில்களின் நகல்கள் வேறொரு இடத்தில் இருந்தன. அவற்றைப் பார்த்து ஒவ்வொரு ஆர்டராகக் கையால் டைப் செய்தோம். மறுநாள் பிற்பகல் வரை 11 மணி நேரம் ஆனது. 9 ஆர்டர்கள் மட்டும் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

இதற்குப் பிறகுதான் அகராதியை எடுத்து பேக் அப் என்பதை ஒழுங்காகப் படித்தேன்.

பேக் என்றால் முதுகு, பின்புறம். அதனுடன் அப் சேரும்போது அர்த்தம் பல பக்கமாகப் பிரிகிறது. பள்ளியில் ஃப்ரேசல் வெர்ப் என்று நடத்தினார்களே, அந்த ரகம். இரண்டு சின்னச் சொற்கள் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருளைத் தரும். தனித்தனியாக அகராதியில் பார்த்தால் பிடிபடாது. (சினிமா ஷூட்டிங் முடிந்ததும் சொல்லும் "பேக்கப்" இதில் சேராது. அது மூட்டை கட்டு என்ற பொருள் தரும் பேக். தமிழில் எழுதும்போது முதுகும் மூட்டையும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன!)

முதல் அர்த்தம், வண்டியைப் பின்னால் எடுப்பது. நாம் ரிவர்ஸ் எடு என்கிறோம். அமெரிக்கர்கள் பேக் அப் என்பார்கள். நாம் ரிவர்ஸ் கேமரா என்பதை அவர்கள் பேக்அப் கேமரா என்கிறார்கள். 2018 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் புதிய கார்களில் இது கட்டாயம். முதல்முறை இந்தப் பெயரைக் கேட்டபோது, படத்தைப் பதிவு செய்து வைக்கும் கேமரா போலிருக்கிறது என்று நினைத்தேன். பேச்சிலும் இந்த அர்த்தம் வரும. மீட்டிங்கில் யாராவது "லெட்ஸ் பேக் அப் எ பிட்" என்றால், கொஞ்சம் முன்னே பேசிய இடத்துக்குத் திரும்பப் போவோம் என்று பொருள். எதையும் காப்பி எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்தது, பக்கபலமாக நிற்பது. "ஐ வில் பேக் யூ அப்" என்றால், நீ பேசு, நான் உனக்குத் துணையாகப் பேசுகிறேன் என்று அர்த்தம். ஆங்கிலப் படங்களில் போலீஸ்காரர் வயர்லெஸ்ஸில் பேக்அப் கேட்பது கூடுதல் ஆட்களை அனுப்பச் சொல்லி. "கேன் யூ பேக் தட் அப்?" என்று ஒருவர் கேட்டால், சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா என்கிறார்.

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இந்த அர்த்தம் ஏற்கெனவே தெரியும். ஸ்டம்புக்குப் பந்தை எறியும்போது "பேக்கப் நில்லுடா!" என்று கத்துவோம் இல்லையா? பந்து தவறினாலும் பின்னால் ஒருவன் பிடித்துக்கொள்வான், ஓவர்த்ரோ போகாது. கம்ப்யூட்டர் பேக்அப்புக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கிரிக்கெட்டிலேயே இன்னொரு பேக்கிங் அப் இருக்கிறது. பந்து வீசும் முனையில் நிற்கும் பேட்ஸ்மேன் ரன் ஓடத் தயாராக கிரீஸை விட்டு நகர்வதற்கும் அதுதான் பெயர். 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் அஷ்வின், ஜோஸ் பட்லரை ரன் அவுட் செய்தது அப்படி நகர்ந்தபோதுதான். பெயரில் பின்பக்கம் இருக்கிறது, ஆள் போவது முன்பக்கம். ஆங்கிலம் இப்படித்தான்.

என்னை மாட்டவைத்தது மூன்றாவது அர்த்தம்: தேங்கி நிற்பது, அடைத்துக்கொண்டு பின்னால் ஏறுவது. சமையலறைத் தொட்டியில் குழாய் அடைத்து, தண்ணீர் கீழே போகாமல் மேலே வந்தால் "தி சிங்க் இஸ் பேக்ட் அப்". வண்டிகள் மைல் கணக்கில் நின்றால் "டிராஃபிக் இஸ் பேக்ட் அப் ஃபார் மைல்ஸ்". வேலை குவிந்து கிடக்கிறவர் "ஐ ஆம் பேக்ட் அப் டில் தர்ஸ்டே" என்பார். வியாழன் வரை என்னிடம் எதையும் கொண்டுவராதே என்று அர்த்தம். நம் ஊர் ஆங்கிலத்தில் இந்தப் பிரயோகம் ஏறக்குறைய இல்லவே இல்லை. பிளாக், ஜாம், பென்டிங் என்று வேறு சொற்களால் நாம் வேலையை முடித்துக்கொள்கிறோம். இதனால்தான் வெளிநாட்டுக்காரர்களுடன் வேலை செய்யும் நம்மவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

நான்காவது நமக்குத் தெரிந்தது, நகல் எடுத்து வைப்பது. அச்சகத்துக்காரர்களுக்கு மட்டும் ஐந்தாவதாக ஒன்று உண்டு. ஒரு பக்கம் அச்சான தாளைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் அடிப்பதையும் பேக் அப் என்பார்கள். நமக்குத் தேவைப்படாது.

சிக்கல் என்னவென்றால், மூன்றாவதும் நான்காவதும் "இஸ் பேக்ட் அப்" என்ற வடிவத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கின்றன. அர்த்தமோ நேர் எதிர். ஒன்று, எல்லாம் பத்திரம். மற்றது, எல்லாம் சிக்கல். எப்படிப் பிரித்தறிவது? எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஓடவேண்டிய பொருளாக இருந்தால், அதாவது தண்ணீர், வண்டிகள், ஆர்டர்கள், மெயில் க்யூ, பிரிண்டருக்குப் போகும் வேலைகள், கால் சென்டரில் காத்திருக்கும் அழைப்புகள் என்றால், பெரும்பாலும் தேக்கம்தான். ஓரிடத்தில் இருக்கவேண்டிய பொருள், அதாவது ஃபைல், போட்டோ, டேட்டாபேஸ், போன் என்றால் நகல். பின்னால் வரும் சொல்லும் காட்டிக்கொடுக்கும். "பேக்ட் அப் டு ஏன் எக்ஸ்டர்னல் டிரைவ்" என்று சேமித்த இடத்தைச் சொன்னால் நகல். "பேக்ட் அப் சின்ஸ் மார்னிங்" என்று எப்போதிலிருந்து என்று சொன்னால் தேக்கம் என்று சந்தேகப்படுங்கள். கிளியர் என்ற சொல்லும் ஒரு பொறி. தேக்கத்தோடு வந்தால் அடைப்பை எடுப்பது. நான் புரிந்துகொண்டது அழிப்பது.

சரி, எழுதும் முறைக்கு வருவோம். வினையாக வரும்போது இரண்டு சொல், பேக் அப். பெயராக வரும்போது இடைவெளி இல்லாமல் ஒரே சொல், பேக்அப். "பேக் அப் யுவர் ஃபைல்ஸ்" என்பது ஒரு செயல். "வேர் இஸ் த பேக்அப்?" என்பது ஒரு பொருள். லாக் இன், செட் அப், ஷட் டவுன் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

இந்தக் குழப்பத்தில் கம்ப்யூட்டருக்கும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். 1983-இல் வந்த டாஸ் 2.0-வில் பேக்அப் என்றே ஒரு கட்டளை இருந்தது. கட்டளையின் பெயருக்குள் இடைவெளி விட முடியாது, ஆகவே வினையாக இருந்தாலும் ஒரே சொல்லாக அடிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு வந்த ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. கம்ப்யூட்டரில் இருந்த ஹார்ட் டிஸ்க்கின் அளவு 10 எம்.பி. அது நிறைந்திருந்தால், 360 கே.பி. ஃபிளாப்பிகளில் நகல் எடுக்க 29 ஃபிளாப்பிகள் வேண்டும். ஒவ்வொன்றாகச் செருகி, எடுத்து, நம்பர் எழுதி வைக்க வேண்டும். இன்று ஒரு போனில் எடுக்கும் மூன்று நான்கு போட்டோக்களே 10 எம்.பி.யைத் தாண்டிவிடுகின்றன.

இறந்தகாலம் பேக்ட் அப். "பேக்அப்ட்" என்று ஒரு வார்த்தை கிடையாது. ஸ்டேட்டஸ் மெயில்களில் தினமும் பார்க்கிறேன், நானும் எழுதியிருக்கிறேன். ஃபைல்களை என்ற பொருளில் தெம் வந்தால் நடுவில் நிற்க வேண்டும்: "பேக் தெம் அப்". "பேக் அப் தெம்" தவறு. உச்சரிப்பிலும் வித்தியாசம் உண்டு. வினையானால் அப் என்பதில் அழுத்தம் விழும், பெயரானால் பேக் என்பதில். போனில் பேசும்போது இடைவெளி தெரியாது அல்லவா, அங்கே காதுக்கு இதுதான் துப்பு.

இதே வித்தியாசத்தை உங்கள் போனிலேயே பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய், சாட்ஸ் பகுதியில் சாட் பேக்அப் என்பதைத் திறங்கள். தலைப்பில் ஒரே சொல்லாக இருக்கும், அது பொருள். உள்ளே அழுத்த வேண்டிய பட்டனில் பேக் அப் என்று பிரித்து எழுதியிருப்பார்கள், அது செயல். ஐபோனிலும் ஐகிளவுட் பேக்அப் என்ற தலைப்பின் கீழ் "பேக் அப் நவ்" இருக்கும். தலைப்பைப் பார்த்து "ஓ, பேக்அப் இருக்கிறது" என்று நிம்மதியாகத் திரும்பி வந்துவிடுபவர்கள் பலர். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது கடைசியாக நகல் எடுத்த தேதி.

நாம் பேசும் தமிழிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. ஆங்கிலத்தில் பேக் அப் செய்கிறார்கள், நாம் பேக்கப் "எடுக்கிறோம்". எடு என்றால் நமக்கு, இருக்கும் இடத்திலிருந்து அகற்றுவது என்றும் பொருள். என் அக்கா அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். லேப்டாப்பில் இடம் இல்லை என்று, தன் மகளின் முதல் பிறந்தநாள் போட்டோக்களைக் கட் செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்துவிட்டு, "எல்லாத்தையும் பேக்கப் எடுத்துட்டேன்டா" என்று போனில் சொன்னார். நானும் சரி என்றேன். நான் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தப் பென் டிரைவ் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை. லேப்டாப்பில் தேடினால் ஃபோல்டர் காலி. உறவினர்களின் வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போய்க் கிடந்த 17 போட்டோக்களை மட்டும் திரட்ட முடிந்தது. கேக் வெட்டும் படம் அதில் இல்லை.

அவர் செய்தது இடமாற்றம். முன்பு ஒரு இடத்தில் இருந்தது, பிறகும் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஒரிஜினல் அதன் இடத்திலேயே இருக்க, இன்னொன்று வேறு இடத்தில் இருந்தால்தான் அது பேக்அப். இன்றைய வடிவம் கூகுள் போட்டோஸில் இருக்கிறது. அதில் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்று ஒரு வசதி உண்டு. ஏற்கெனவே கூகுளில் ஏறிவிட்ட படங்களை போனிலிருந்து நீக்கி இடம் பண்ணிக் கொடுக்கும். நல்ல வசதிதான். ஆனால் அதை அழுத்திய நிமிடத்திலிருந்து கூகுளில் இருப்பது பேக்அப் அல்ல, அதுதான் ஒரிஜினல், அது ஒன்றுதான். அதற்குப் பிறகு ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு கிடைக்காது.

சிங்க் என்பதும் பேக் அப் ஆகாது. இந்தப் பக்கம் அழித்தால் அந்தப் பக்கமும் அழிவதுதான் சிங்க்கின் வேலை. 2017-இல் கூகுள் வெளியிட்ட கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு "பேக்அப் அண்ட் சிங்க்" என்று இரண்டையும் சேர்த்தே பெயர் வைத்தார்கள். 2021-இல் அதை நிறுத்திவிட்டாலும், இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் பலருக்கு இன்னும் போகவில்லை.

பேக்அப் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஏமாந்தவர்களில் பெரிய ஆட்களும் உண்டு. 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி ஃபைல்கள் அழிந்துவிட்டன. பேக்அப்பிலிருந்து எடுக்கப் போனால், அது சில வாரங்களாகவே சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. கலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்துவந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்துதான் படம் மீண்டது. ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற ஃபீல்டர் அவர்தான்.

ஆகவே வீட்டில் பேக் அப் செய்கிறவர்கள் மாதம் ஒருமுறையாவது, அந்த நகலிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் போதாது, படம் திரையில் வரவேண்டும். அக்காவுக்கு இப்போது ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். காப்பி, பேஸ்ட் மட்டும்தான், கட் செய்யக் கூடாது என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "ரெண்டு இடத்துலயும் இருக்குடா, திறந்து பாத்துட்டேன்" என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்.

ஒஹாயோ வாடிக்கையாளருடன் இன்றும் வேலை செய்கிறேன். போன மாதம் அவரிடமிருந்து மறுபடி ஒரு செய்தி: "ஈமெயில்ஸ் ஆர் பேக்ட் அப்". இம்முறை எந்தக் கட்டளையையும் தொடவில்லை. "ஸ்டக் ஆர் காப்பீட்?" என்று கேட்டேன், சிக்கியதா, நகலா? "ஸ்டக்" என்று பதில் வந்தது. கூடவே சிரிக்கும் முகம் ஒன்று.